அன்னாசி சீவும் கை

மொரீஷியஸ் கடற்கரைகளில் நல்ல உணவகங்களுக்குக் குறைவில்லை. எனக்கென்னவோ, ஃபிளிக் என் ஃபிளாக்கில் சவுக்கு மர நிழலில் நிற்கும் அன்னாசி வண்டிதான் முதலில் கண்ணில் படும். அந்தத் தீவின் விக்டோரியா அன்னாசி சிறியது, மணம் மட்டும் பெரியது. காம்பையே பிடியாக வைத்துக்கொண்டு வியாபாரி தோலைச் சீவுகிறார். வித்தை அதற்குப் பிறகுதான். பழத்தின் கண்கள் சாய்வாக வரிசை கட்டி நிற்பதால் கத்தியும் சாய்ந்தே இறங்குகிறது. ‘சரக், சரக்’ என்று வரிசைக்கு இரண்டு வெட்டு. கண்கள் மட்டும் பட்டையாகக் கழன்று விழ, பழத்தைச் சுற்றித் திருகாணி மரைபோல் பள்ளங்கள். சதை அதிகம் வீணாவதில்லை, அவசரமும் இல்லை. காத்திருப்பவர்களும் முணுமுணுப்பதில்லை, வேடிக்கை பார்க்கிறார்கள்.

பிறகு உப்பு, மிளகாய், புளி. அவை தங்கி நிற்பதும் அந்தப் பள்ளங்களில்தான். முதல் கடியில் இனிப்பு, பின்னாலேயே புளிப்பு, காரம் சற்றுத் தாமதமாகக் காதுவரை. சாறு முழங்கைக்கு வழிகிறதா? கழுவக் கடல் இருக்கிறது.