கள்ளச் சரக்கும் விண்கப்பலும்

1977-ஆம் ஆண்டில் மார்க் மில்லர் இயற்றி வெளியிட்ட 'டிராவலர்' என்னும் விண்வெளிக் கதையாட்டத்தில், மேசையைச் சுற்றி அமர்ந்தோர் பாத்திரங்களாகவே மாறிப் பேச, நடுவர் உலகங்களைச் சிருஷ்டித்துத் தர, பகடைகள் இரண்டும் பலனை நிர்ணயிக்கின்றன. அதில் என் உள்ளத்தை மிகவும் கவர்வது கடத்தல் சாகசமே. கப்பல் வாங்கிய கடனை நாற்பது ஆண்டுகள் மாதந்தோறும் அடைக்கவேண்டிய நிர்ப்பந்தம், யோக்கியர்களையும் கள்ளச் சரக்கின்பால் இழுக்கிறது. தவணையில் லாரி வாங்கி ஓட்டும் நாமக்கல்லாருக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் எல்லையே கடத்தலைப் பிறப்பிக்கிறது என்பதற்குச் சேலம் சாட்சி. ராஜாஜியின் மந்திரிசபை 1937 அக்டோபர் 1-ந் தேதி, நாமக்கல்லும் அடங்கிய அன்றைய சேலம் ஜில்லாவில் முதன்முதலாக மதுவிலக்கை அமல் நடத்தியபோது, அயல் ஜில்லாவில் சாதாரணப் பண்டமாயிருந்த கள், எல்லைக்குள் நுழைந்த மாத்திரத்தில் குற்றப் பொருளாயிற்று.

ஆகவே தேர்ந்த நடுவர், துப்பாக்கிச் சண்டையை நம்பாது, இரு கிரகங்களுக்கிடையே சட்டம் எங்கே மாறுகிறது, சோதனைச் சாவடி அதிகாரியின் சுபாவம் யாது, பெட்டியினுள் இருப்பது ஆயுதமா, தடைசெய்யப்பட்ட மருந்தா என்னும் வினாக்களையே விதைக்கிறார். அவ்வினாக்களுக்கு ஆட்டக்காரர் தம் மனச்சாட்சியைக் கொண்டு விடைதேடும் தர்ம விசாரமே இக்கலையின் உன்னத ரசம் என்பது என் துணிபு.