துல்லியம்

தூக்கி நிறுத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து துலா என்னும் தராசுப் பெயரும், இரு தட்டும் ஒத்து நிற்பதைச் சொல்லும் ‘துல்ய’ என்னும் சொல்லும் தோன்ற, அதுவே தமிழில் துல்லியமாகி, ஒப்பு என்ற பழம்பொருளைக் கடந்து, இம்மியும் பிசகாமை என்னும் பொருளில் இன்று வழங்குகிறது. இம்மி என்பது பழந்தமிழ்க் கணக்கின் மிக நுண்ணிய பின்னங்களுள் ஒன்று. துல்லியம் என்னும் சொல்லின் அழகைப் பொற்கொல்லரின் சிறு தராசில் கண்ணாரக் காணலாம். வழவழப்பான செந்நிறமும் கருமுனையும் கொண்ட குன்றிமணி பித்தளைத் தட்டில் மெல்லிய ஓசையோடு விழ, எதிர்த்தட்டில் பொற்பொடி துளித்துளியாகச் சேர, தராசின் நா எனப்படும் நடுமுள் இருபுறமும் அசைந்து மெல்ல அடங்குமளவும், மூச்சுக்காற்றும் தட்டில் படாதவாறு முகத்தை விலக்கிக் காத்திருக்கும் அந்தப் பொறுமை, கைத்திறனின் பாதி என்றே சொல்லத் தகும்.

தமிழின் ‘தூக்கு’ என்னும் சொல்லும் இவ்வாறே உயர்த்துதல், நிறுத்தல், ஆராய்தல் ஆகிய மூன்றையும் தன்னுள் அடக்கி, கையின் செயலையும் மனத்தின் செயலையும் பிரிக்காமல் வைத்திருப்பது பெரிதும் வியக்கத்தக்கது. சீர்தூக்குதல் என்று சொல்லும்போது ஒரு பொருளின் கனம் உள்ளங்கையிலேயே உணரப்படுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளின் 34 உறுப்புகளுள் ஒன்றாகத் தூக்கையும் எண்ணுகிறது.