பூட்டிய கதவும் நமது கதைகளும்

பெற்றோரைப் பராமரிக்கிற பிள்ளை நமது புனைவில் பெரும்பாலும் இரண்டே உருவங்களில் வருகிறது. ஒன்று, சேவையையே தவமாகக் கொண்ட உத்தமப் பிறவி. மற்றது, கைவிடுகிற அல்லது கொன்றுவிடுகிற பாவி. இவ்விரண்டுக்கும் நடுவில், அம்மாவுக்குச் சோறூட்டும்போதே இவள் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று நினைத்து, அந்த நினைப்போடு அடுத்த கவளத்தையும் ஊட்டுகிற ஒருத்தி இருக்கிறாள். அவளை எழுத நம்மிடம் வடிவம் இல்லை.

தென்மாவட்டத் தலைக்கூத்தல் வழக்கத்தை எடுத்துக்கொண்ட இரு திரைப்படங்களில் இதைப் பார்க்கலாம். பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’ (2020) தலைப்பிலேயே சுமையைச் சொல்கிறது. ஆனால் அதன் அக்கறை குற்றத்தைத் துலக்குவதில்தான். ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘தலைக்கூத்தல்’ (2023) இன்னும் நெருங்கி வருகிறது. நினைவின்றிக் கிடக்கும் தகப்பனை விட்டுக்கொடுக்க மறுக்கும் மகனை மையத்தில் நிறுத்துகிறது. எனினும் நெருக்குதல் முழுக்க வெளியிலிருந்து வருகிறது: மனைவி, உறவு, பணம். மகனுக்கு உள்ளேயே ஊறக்கூடிய வெறுப்பு அவனை விட்டு மற்றவர்கள் வாயில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவன் சுத்தமாகத் தப்பித்து உத்தமனாகிவிடுகிறான்.

நினைவின்றிக் கிடப்பவர் எதையும் கேட்பதில்லை. மறதிநோய் கண்டவர் கேட்கிறார், ஒரே கேள்வியை நாற்பது தடவை. இரவு இரண்டு மணிக்கு, எப்போதோ இடித்துவிட்ட வீட்டுக்குக் கிளம்புகிறார். சோறு போட்டவளையே திருடி என்கிறார். நோயின் இயல்பு இது என்று அறிவுக்குத் தெரியும். வருஷக்கணக்காகத் தூங்காத உடம்புக்குத் தெரியாது. ‘குழந்தை மாதிரி ஆயிட்டாங்க’ என்று ஊர் ஆறுதல் சொல்கிறது. குழந்தை நாளைக்கு ஒரு சொல் கூடுதலாகப் பேசும். இங்கே நாளைக்கு ஒரு சொல் குறையும். அந்த உவமை பராமரிப்பவளின் களைப்பைக் கேலி செய்கிறது.

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். அதன் பூட்டுகள் 2019இல் புவிசார் குறியீடும் பெற்றன. திருடன் உள்ளே வராதிருக்கச் செய்த பொருள் அது. அந்த ஊரிலும் சுற்றுப்பட்டிகளிலும், ஒருவர் நூற்பாலைக்குப் போனால்தான் உலை கொதிக்கும் வீட்டில், மற்றவள் ரேஷன் கடைக்குப் போகும் அரைமணி நேரம் அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டத்தான் வேண்டியிருக்கிறது. பூட்டாவிட்டால் கிழவி பழனி ரோட்டில் நிற்பாள். இது கொடுமையா, அன்பா? நமது கதைகள் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடும். சாவி வைத்திருப்பவளும் அந்தப் பூட்டுக்குள்தான் இருக்கிறாள் என்பது தீர்ப்பில் வராது.

சட்டத்தின் கற்பனையும் இதே அளவுதான். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்கித் தருகிறது. கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை என்கிறது. கைவிடாதவளுக்கு ஒரு நாள் ஓய்வு யார் தருவது என்ற கேள்வி அதில் இல்லை.

1980இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ஸாரிட்டும் சகாக்களும், பராமரிப்பவரின் சுமையை அளக்க ஒரு வினாப்பட்டியல் தயாரித்தார்கள். பின்னர் அது 22 கேள்விகளாகச் சுருங்கிப் பல நாடுகளிலும் புழங்குகிறது. இவர் அருகில் இருக்கையில் கோபம் வருகிறதா, உன் வாழ்க்கை கைநழுவிவிட்டதா, வேறு யாரிடமாவது இவரை ஒப்படைத்துவிடத் தோன்றுகிறதா என்றெல்லாம் கேட்கிறது. அன்புக்குள் இருக்கும் கோபத்தை ஒரு படிவம் சாதாரணமாக விசாரிக்கிறது. நமது இலக்கியம் அதைக் கேட்கக் கூச்சப்படுகிறது.

கூச்சத்துக்கு ஒழுக்கம் மட்டும் காரணமல்ல, வடிவமும் காரணம். நமது கதைக்கு ஒரு சம்பவம் வேண்டும், முடிவில் ஒரு சாவு வேண்டும். சாவு வந்ததும் மகள் அழுவாள், எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும். அதற்கு முந்தைய ஏழு வருஷங்களில், எதுவும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை உண்டு. பாயை அலசிக் காயப்போட்டு, நாற்பத்தோராவது தடவையும் பதில் சொல்லி, ஒரு தடவை கையை ஓங்கி, ஓங்கிய கையாலேயே தலைவாரி விடுகிற நாள் அது. அதை மன்னிக்காமலும் தண்டிக்காமலும் எழுதிப் பார்க்க வேண்டும்.