பெயரால் வந்த வழக்கு

கட்சிகள் தமக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர்கள் வெறும் அடையாளங்களல்ல. அவையே அவற்றின் முதற் பிரசுரங்களாம். நீண்ட அறிக்கைகளைப் படியாதாரும் பெயரைப் படிப்பர். இலங்கைத் தமிழர் நடாத்திய சமஷ்டி வாதத்தை ஆராயப் புகுவார் பெயரிலிருந்தே தொடங்குதல் தகும்.

1949ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 18ஆம் நாள் கொழும்பு மருதானையில் எஸ். ஜே. வி. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், இ. மு. வி. நாகநாதன் முதலியோர் தொடங்கிய கட்சி, தமிழில் 'இலங்கைத் தமிழரசுக் கட்சி' எனவும் ஆங்கிலத்தில் 'பெடரல் பார்ட்டி' எனவும் வழங்கலாயிற்று. ஒரு கட்சிக்கு இரு பெயர் அமைதல் குற்றமன்று. இரண்டும் ஒரு பொருள் தாராமையே குற்றம். ஆங்கிலப் பெயர் அதிகாரத்தைப் பங்கிடும் முறையைக் குறிக்க, தமிழ்ப் பெயர் ஆளும் உரிமையைக் குறித்தது. நியூ யோர்க்கை அமெரிக்கர் 'ஸ்டேட்' என்பர். ஆங்கு அச்சொல் ஒன்றியத்தின் உறுப்பையே சுட்டும். தமிழில் 'அரசு' என்றவுடன் கற்போர் நெஞ்சில் எழுவோர் மூவேந்தரன்றோ! மேடைக்கு அச்சொல் வலிமை தந்தது. தென்னிலங்கையில் அதுவே பிரிவினைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது.

இத்தகைய பெயர் மயக்கம் அமெரிக்கக் குடியரசின் தோற்றத்திலும் நிகழ்ந்ததுண்டு. 1787இல் பிலடெல்பியாவில் வகுக்கப்பட்ட அரசியலமைப்பை 13 நாடுகளுள் 9 ஏற்றல் வேண்டியிருந்தது. வலிய மத்திய அரசை வேண்டியோர் 'பெடரலிஸ்ட்' என்னும் பெயரைக் கைக்கொண்டனர். உறுப்பு நாடுகளின் உரிமையைக் காக்க முயன்றோர் அப்பெயருக்கு எதிரிகள் என அழைக்கப்பட்டனர். இலங்கையில் அதே சொல் மத்திய அரசின் வலிமையைக் குறைக்க எழுந்தோர்க்கு உரியதாயிற்று. எனினும் அமெரிக்கரின் வாதம் பெயரளவில் நின்றுவிடவில்லை. அமில்ட்டன், மடிசன், ஜே என்னும் மூவர் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினர். பரந்த நாட்டிற் குடியரசு நிலைக்குமோ என்று 'புரூட்டஸ்' என்னும் புனைபெயரினர் வினவினார். பரப்பு மிகுதலாலேயே எந்த ஒரு குழுவும் பிறரை அடக்க இயலாது போகும் என்று மடிசன் பத்தாம் கட்டுரையில் வாதித்தார். உரிமைப் பட்டயம் இல்லையே என்ற எதிர்ப்பாளரின் முறையீடு 1791இல் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. தோற்றாரின் எழுத்தும் சட்டமாயிற்று. (அடிமைகளாயிருந்தோர்க்கு அவ்வாதத்திற் குரல் இருந்ததில்லை என்பதும் மறக்கற்பாலதன்று.)

இலங்கையிற் சமஷ்டியை முறையாக எடுத்துரைத்தவர் தமிழரல்லர். 1926இல் இளைஞரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா ஆங்கிலப் பத்திரிகையொன்றில் ஆறு கட்டுரைகள் வரைந்தார். யாழ்ப்பாணத்தில் அதுபற்றிச் சொற்பொழிவும் ஆற்றினார். அன்று அதனைத் தமிழ்த் தலைவர்கள் பொருட்படுத்தினாரல்லர். 23 ஆண்டுகளின் பின் செல்வநாயகம் அதனைக் கையேற்றபோது, வாதம் தமிழ்க் காங்கிரசுடன் நிகழும் பூசலாகச் சுருங்கிற்று. 1948இல் ஜி. ஜி. பொன்னம்பலம் மந்திரிப் பதவி ஏற்றது துரோகமா, தந்திரமா என்பதே மேடைகளிற் பெருவினாவாயிற்று. வரிப்பணம் எவ்வாறு பங்கிடப்படும், கிழக்கின் முஸ்லிம் மக்கள் புதிய அமைப்பில் எந்நிலை பெறுவர் என்பன போன்ற வினாக்கள் பின்தள்ளப்பட்டன. 1952இல் 2 ஆசனங்களே பெற்ற கட்சி 1956இல் 10 பெற்றது. ஆயினும் அவ்வெற்றிக்குச் சமஷ்டி விளக்கத்தினும் சிங்களம் மட்டும் என்ற முழக்கமே பெருங் காரணமாயிற்று என்பது மிகையன்று.

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழும் உழவர்க்கு மொழியினும் முன்னே நின்றது நிலம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றம் அவர்தம் வாயிலில் நிகழ்ந்தது. இங்கேதான் கட்சியின் வாதம் உயிர்பெற்றது. ஆயினும் நிலத்தின்மேல் யாருக்கு என்ன அதிகாரம் என்பதைத் தெளிவாகச் சொன்ன ஆவணம் மேடையிற் பிறக்கவில்லை. 1957 ஆடியிற் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்தில் அது பிறந்தது. விவசாயம், காணி, குடியேற்றம் ஆகியன பிரதேச சபைகட்கு உரியன என்றும், வடக்கு ஒரு பிரதேசம், கிழக்கு இரண்டு அல்லது அவற்றின் மேற்பட்டவை என்றும், அவை விரும்பின் இணையலாம் என்றும் அது வகுத்தது. பல்லாண்டு முழக்கத்தினும் இச்சில பக்கங்களிற் சிந்தனை மிகுதி. 1958இல் அது கைவிடப்பட்டது.

பெயர்பற்றிய ஐயம் பின்னும் தீர்ந்தபாடில்லை. தமிழரசுக் கட்சியின் நோக்கம் தனிநாடே எனக் கூறி 2014இல் உயர் நீதிமன்றில் வழக்குத் தொடரப்பட்டது. சமஷ்டி கோருதல் தனிநாடு கோருதலாகாது என 2017 ஆவணி 4ஆம் நாள் தீர்ப்பாயிற்று. கட்சி பிறந்து அப்போது 67 ஆண்டுகள் கடந்திருந்தன.