தோசைக்கல் பார்க்கும் கை

டிபன் கடைக்கு ஃபிரிட்ஜை விலைப்பட்டியல் பார்த்தே வாங்கிவிடலாம். தோசைக்கல்லுக்குக் கை வேண்டும். அனுபவப்பட்ட மாஸ்டர் முதலில் கனத்தைத்தான் பார்க்கிறார். மெல்லிய தகடு சட்டென்று காயும், மாவு விழுந்ததும் அதே வேகத்தில் ஆறிவிடும். கனத்த கல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். காலைக் கூட்டத்துக்கு அடுத்தடுத்து ஊற்றினாலும் முறுகல் குறையாது. பிறகு உள்ளங்கையால் மெதுவாகத் தடவுகிறார். மேடுபள்ளம் இருந்தால் மாவு சீராகப் பரவாதே! விரல் முட்டியால் தட்டிக் காது கொடுக்கிறார். விரிசல் விட்ட வார்ப்பிரும்பு கணீரென்று பேசாது. அந்த நிதானத்தை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

வாங்கியபின் எண்ணெய் தடவிக் காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி காய்ச்சி, சாம்பல் நிறம் போய்க் கருமை ஏறும்வரை பழக்க வேண்டும். பழகிய கல்லில் பாதி வெங்காயத்தால் ஒரு தேய்ப்பு, ஒரு கரண்டி மாவு, ஒரே சுழற்சி. சொய்யென்ற சத்தம் அடங்கும்போது ஓரம் தானே எழும்பும். தோசைத்திருப்பியை லேசாகக் கொடுத்தால் போதும்.