பெயரும் பாட்டும்: தமிழ்த் தனியிசைத் தொகுதிகளின் தேர்வு குறித்து

எட்டுத்தொகையுள் இசைப்பாட்டாக அமைந்தது பரிபாடல். எழுபது என்று எண்ணப்பெற்ற அப்பாடல்களுள் இன்று முழுமையாகக் கிடைப்பன 22 மட்டுமே. அவற்றுள் பெரும்பாலான பாடல்களின் இறுதியில் ஒரு சிறு குறிப்பு உள்ளது. பாடலை இயற்றிய புலவர் இவர், இசை வகுத்தவர் இவர், பண் இது என்று அக்குறிப்பு மூன்று செய்திகளைத் தருகின்றது. பெட்டனாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் முதலிய இசையாசிரியர்களின் பெயர்களை நாம் அறிவது அக்குறிப்புகளாலேயே ஆகும். பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்னும் பண்ணின் பெயர்களும் அவ்வாறே எஞ்சின. அவர்கள் வகுத்த இசையோ இன்று எவர் செவிக்கும் எட்டாதது. 1918-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பரிபாடலைப் பதிப்பித்தபோது நமக்குக் கிடைத்தவை சொல்லும் பெயருமே.

இக்காலத்தில் நிலைமை தலைகீழாக மாறியுள்ளது. பாட்டின் ஒலி கைப்பேசிதோறும் நிற்கிறது. அதனை ஆக்கியோர் பெயர் நிற்பதில்லை. திரைப்படத்தைச் சாராது வெளிவரும் புதிய பாடல் தொகுதிகளுள் கேட்கத்தக்கன யாவை, அவற்றை எங்ஙனம் தேடுவது, எவ்வளவையால் தேர்வது என்னும் வினாக்கள் இப்பெயர் இழப்போடு பிணைந்தவை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தொகுதியின் இயல்பு

திரைக்கதையின் சூழலுக்குக் கட்டுப்படாது, சொல் யாப்போரும் இசை வகுப்போரும் தம் கருத்தின்வழி ஆக்கி ஒருசேர வெளியிடும் பாடல்களின் கோவையைத் தனியிசைத் தொகுதி எனலாம். மக்கள் வழக்கில் இது 'ஆல்பம்' எனப்படும். தமிழ்நாட்டில் திரைப்பாடலின் ஆட்சி மிகப் பெரிது. அதன் நிழலில் வளர்ந்தமையால் இவ்வகைத் தொகுதிகள் அறிஞரின் கண்ணுக்குத் தப்பின. 1986-இல் இளையராஜா தியாகராசருக்கும் பாக் என்னும் செருமானிய இசைமேதைக்கும் உரிமையாக்கி வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' திரைக்கு வெளியே தோன்றியதேனும் கருவியிசையாதலின் தமிழ்த்துறையின் எல்லைக்குள் வாராதொழிந்தது.

சொல்லும் இசையும் கூடிய தொகுதிகளுக்கு அத்தகைய விலக்குக் கூற இயலாது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் 'விருந்து' என்பது புதிதாகப் புனையப்படுவது. 'புலன்' என்பது மக்கள் வழங்கும் எளிய மொழியால் அமைவது. இவ்விரண்டற்கும் இலக்கணத்தில் இடம் தந்த மரபு நம்முடையது. ஆதலின் சேரிப் பேச்சில் அமைந்த பாட்டு இலக்கிய ஆய்வுக்கு உரியதன்று என்பார் கூற்று இலக்கணத்தோடு பொருந்தாது.

தேடலின் இடர்

திண்டுக்கல் போன்ற நடுத்தர நகரத்திலிருந்து நோக்கினால் இத்தேடலின் இடர் நன்கு விளங்கும். புதிய குழுக்களின் மேடைகள் பெரும்பாலும் சென்னையில் அமைகின்றன. வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் அம்மேடைகளைக் கண்டாரல்லர். ஆயினும் அப்பாடல்களை அறிவர். ஒலிநாடாக் காலத்தில் பேருந்து நிலையக் கடைகளில் விற்ற நாடாக்களின் உறையில் பாடியவர் பெயரேனும் அச்சிடப்பெற்றிருந்தது. பின்னர்க் கைப்பேசிக் கடைகளில் நினைவக அட்டையில் நூற்றுக்கணக்கான பாடல்களை ஏற்றித் தரும் வழக்கம் வந்தது. அவ்வட்டையில் பாட்டு இருந்தது; பெயருக்குப் பதிலாக எண் இருந்தது. இன்றைய இணையவழி ஒலிச்சேவைகளிலோ பாடகர் பெயர் முன்னிற்க, சொல் யாத்தவர், தாளம் அமைத்தவர், கருவி இசைத்தவர் ஆகியோர் பெயர்கள் உள்ளொடுங்கிவிடுகின்றன.

அச்சேவைகள் தாமே பாடல்களைப் பரிந்துரைக்கின்றனவே, திறனாய்வாளர் எற்றுக்கு எனின், கூறுவாம். இயந்திரம் ஒருவர் முன்பு கேட்டதற்கு ஒத்ததைத் தேடித் தருகிறது. அத்தேர்வு பழகிய சுவையை மீண்டும் பழக்குவது. திறனாய்வின் தேர்வோ ஒவ்வாததையும் முன்வைத்து, அதன் காரணத்தையும் கூறுவது. காரணம் கூறாத் தேர்வு வாணிகம் ஆகுமேயன்றித் திறனாய்வு ஆகாது.

இத்துறையில் நமக்கு முன்மாதிரி தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டைத் தம் ஊராகக் கொண்ட சி. சு. செல்லப்பா, 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். புதுக்கவிதையைப் பலர் ஏளனம் செய்த காலத்தில் அவர் அதனைத் தேடி வெளியிட்டார். 1962-இல் 24 கவிஞர்களின் பாடல்களைத் தெரிந்து 'புதுக்குரல்கள்' என்னும் தொகைநூலாக்கினார். அவர் தேர்வோடு முரண்படுவோர் உளர். முரண்படுதற்கும் ஒரு தொகை இருந்தமையே அவர் செய்த நன்மை. பெயரும் ஆண்டும் தெரிந்த பாடல்கள் ஓரிடத்தில் இருந்தமையால்தான் புதுக்கவிதையின் வரலாற்றை எழுத முடிந்தது. தனியிசைக்கு இன்னும் அத்தகைய தொகை வாய்க்கவில்லை.

முன்னோடிகள்

இவ்வகைப் பாட்டிற்கு நம் வட்டாரத்தில் முன்னோடிகள் இல்லாமலில்லை. சிவகங்கைச் சீமையில் பிறந்த கே. ஏ. குணசேகரன் (1955–2016) நாட்டுப்புறவியல் ஆய்வாளராகவும் பாடகராகவும் விளங்கியவர். 'தன்னானே' கலைக்குழுவின் வாயிலாகவும் ஒலிநாடாக்கள் வாயிலாகவும் ஊர்தோறும் பாடியவர். கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை மக்களிடையே பரப்பியது அவர் குரலே. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு கிறித்தவ வழிபாட்டிற்கே நாட்டுப்புற மெட்டையும் பறையையும் கொணர்ந்தார்.

திண்டுக்கல்லில் இயங்கும் சக்தி கலைக்குழு பிறிதொரு வகையில் சிறப்புடையது. ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பெற்ற பறையைத் தலித் பெண்கள் ஏந்தி அடித்தாட, அருட்சகோதரி சந்திராவின் முயற்சியால் அமைந்தது இக்குழு. தடித்த அடிக்குச்சியும் மெல்லிய சுண்டுக்குச்சியும் மாறி மாறி ஒலிக்கும் அக்கலையை அமெரிக்க இசையியலாளர் சோயி செரினியன் 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்னும் ஆவணப்படமாக்கினார். இவ்வூரின் தாளத்தைக் கடல் கடந்து வந்தவர் பதிவு செய்திருக்க, நம் ஆய்வேடுகள் நாட்டுப்புறப் பாடலின் சொல்லை மட்டும் எண்ணிக்கொண்டிருத்தல் தகுமா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நான்கு தொகுதிகள்

நாம் பரிந்துரைக்கும் தொகுதிகள் நான்கு. மேற்கொண்ட அளவைகள் மூன்று: சொல் இசைக்கு அடிமையாகாது நிற்றல், தாளம் தன் மண்ணை அறிவித்தல், ஆக்கியோர் யார் என்பது தெளிதல்.

முதலாவது, மலேசியத் தமிழரான யோகி பி குழுவினர் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்'. சொல்லிசை எனப்படும் 'ராப்' முறையைத் தமிழில் நிலைநாட்டிய தொகுதிகளுள் இது தலையாயது. ஆங்கில ராப் இறுதி இயைபையே பெரிதும் நம்புவது. தமிழ்ச் செவியோ அடியின் தொடக்கத்தில் எதுகையையும் மோனையையும் எதிர்பார்ப்பது. இவ்விரு வழக்கும் மோதுமிடத்தில் பிறக்கும் விரைவு, நம் சந்தப்பாவின் முடுகு நடையை நினைவூட்டுகின்றது. குறையும் ஒன்றுண்டு. இத்தொகுதியுள் மிகுந்த புகழெய்திய 'மடை திறந்து', 1980-இல் வெளிவந்த 'நிழல்கள்' திரைப்படத்தின் பாடலைத் தழுவி எழுந்தது. திரையை விட்டு விலகிய பாட்டும் திரையின் தோளைப் பற்றியே மக்களிடம் நடந்து வந்தது என்பது கருதத்தக்கது.

இரண்டாவது, அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019-இல் வெளியிட்ட 'தெருக்குரல்'. பெயரிலேயே திருக்குறளின் ஒலி நிழலாடுகிறது. ஓரெழுத்து மாற்றத்தால் திருவைத் தெருவாக்கியும் குறளைக் குரலாக்கியும் அமைந்த இப்பெயர், நூல் வழக்கையும் தெரு வழக்கையும் எதிரெதிர் நிறுத்துகின்றது. 'ஆன்டி இந்தியன்' என்னும் பாடல், தன்மேல் ஏற்றப்படும் பழிச்சொல்லையே தலைப்பாக்கி வினவும் வகையினது. பாடுவோன் தன்னை நிறுத்தி வாதிடும் இம்முறை சித்தர் பாடல் பயின்றார்க்குப் புதிதன்று. சில இடங்களில் முழக்கம் கற்பனையை விழுங்கிவிடுகிறது என்பது நம் கருத்து. ஆயினும் சொல்லின் கூர்மையில் இந்நான்கனுள் இதுவே முதன்மையுடையது.

மூன்றாவது, 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினரின் 'மகிழ்ச்சி'. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இக்குழு, 2018 சனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாச பண்டிதர் (1845–1914) வழங்கிய சாதியற்ற தமிழர் என்னும் கருத்தினின்று இதன் பெயர் பிறந்தது. சென்னைக் கானாவும் பறையும் மின்கித்தாரும் இங்கு ஒன்று கூடுகின்றன. 'கோட்டா' என்னும் பாடல் இடஒதுக்கீட்டின் வரலாற்றை எள்ளலோடு விளக்குவது. புலன் என்னும் வனப்பிற்கு இக்காலத்துச் சான்று காட்டுக எனின், நாம் இத்தொகுதியைக் காட்டுவோம். பறையை நன்கு கேட்டுப் பழகிய செவிக்கு ஒரு மனக்குறை தோன்றும்: பதிவின் சில இடங்களில் மின்கருவிகளின் ஒலிக்குள் தோற்கருவி அமிழ்கிறது.

நான்காவது, அறிவு 2024-இல் வெளியிட்ட 'வள்ளியம்மா பேராண்டி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டியின் பெயரால் பாவலர் தம்மைக் குறித்துக்கொள்கிறார். 1964-இல் சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி இந்தியாவுக்கு அனுப்பப்பெற்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல. அவர்களின் வரலாறு ஏட்டில் உண்டு; பாட்டில் அரிது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் எனத் தந்தை பெயரால் புலவரைக் குறிப்பது சங்கத்தொகை மரபு. அதே வாய்பாட்டில் தந்தையின் இடத்திற் பாட்டியை நிறுத்தியிருப்பது இத்தலைப்பின் நயம். உழைத்த பெண்ணின் பெயரே ஈண்டுக் குடிப்பெயராகின்றது.

ஒரு சான்று

பெயர் காத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று போதும். 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் பரவியது. நிலத்தை உழுதும் நிலமற்றுப் போன முன்னோரை நினைக்கும் பாட்டு அது. அவ்வாண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர். சொல் யாத்த அறிவு இடம்பெறவில்லை. கண்டனம் எழுந்த பின்னர் அவரைக் கொண்ட வேறோர் அட்டை வெளியாயிற்று. அப்பாட்டின் ஆக்கத்தில் எவர் பங்கு எத்துணை என்று தீர்ப்பளித்தல் நம் நோக்கமன்று. பாட்டோடு பெயர்களும் வெளியிடப்பெற்றே இருந்தன என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. குறிப்பு இருந்தது, அதனைப் படித்துப் போற்றும் வழக்கம் இல்லை. பரிபாடற் குறிப்பை ஓர் எழுத்தும் விடாது கற்பிக்கும் நாம், நம் காலத்துப் பாட்டின் குறிப்பைக் கற்பிக்காதது அவ்வழக்கம் இல்லாமைக்கு ஒரு காரணமாகும்.

முடிபு

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கது பெரும்பொருட் செலவுடையதன்று. கேட்ட தொகுதி ஒவ்வொன்றிற்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைத்தல் போதும். சொல் யாத்தவர், இசை வகுத்தவர், பாடியவர், கருவியும் அதனை இசைத்தவரும், தொகுத்தவரும் தொகுப்பித்தவரும், ஊரும் ஆண்டும் என்னும் ஆறும் அக்குறிப்பில் இடம்பெறுக. அதன்கீழ்த் தேர்ந்ததற்கோ தள்ளியதற்கோ உரிய காரணம் சில வரிகளில் அமைக. முதுகலை மாணவர் தத்தம் ஊரின் பறைக்குழுவிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம். அக்குழுக்களின் பதிவுகள் இன்னும் கைப்பேசிகளில் பெயரின்றிக் கிடக்கின்றன. அடித்தவர் உயிரோடிருக்கும்போதே அவர் பெயரைக் கேட்டு எழுதிவிட முடியும். மருத்துவன் நல்லச்சுதனார் வகுத்த இசையை நாம் இனிக் கேட்பதற்கில்லை. அவர் பெயரையேனும் எவரோ ஒருவர் எழுதிவைத்தார். அப்பணி இன்று நம்முடையது.