சோலரில் தனிப்பயன் தரவு வகைகள்: ஒரு மதிப்பீடு

அப்பாச்சி சோலர், லூசீன் நிரல் நூலகத்தின்மேல் அமைந்த திறமூலத் தேடுபொறி. 2004இல் சிநெட் நிறுவனத்தில் யோனிக் சீலி இதை உருவாக்கினார். 2006இல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. இதன் ஸ்கீமாவில் ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு தரவு வகை உண்டு. உள்ளமைந்த வகைகள் போதாதபோது பயனரே புதிய வகையை வரையறுக்கலாம். உரைக்கான வகையில் ஒரு பகுப்பி இருக்கும்: முதலில் சொற்பிரிப்பி, அதன்பின் வரிசையாக வடிகட்டிகள்.

இந்த வசதியின் தேவை தமிழில் உடனே தெரிந்துவிடுகிறது. பொது உரை வகை தமிழ்ச் சொற்களைப் பிரிப்பதோடு ஏறக்குறைய நின்றுவிடும். 'மதுரை' என்று தேடுபவருக்கு 'மதுரையில்', 'மதுரைக்கு' என்று மட்டும் எழுதப்பட்ட பக்கங்கள் கிடைக்கா. 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவை பொறிக்கு வெவ்வேறு சொற்கள். முதற்குறைக்கு ஸ்னோபால் தொகுப்பின் தமிழ் அடிச்சொல் வடிகட்டி உதவும். இரண்டாவதற்கு ஒருங்குறி இயல்பாக்கும் வடிகட்டி வேண்டும். இயல்பாக்கம் முதலில் வர வேண்டும். இல்லையேல் இரு குறிகளாக எழுதிய சொல்லின் விகுதியை அடிச்சொல் வடிகட்டி அடையாளம் காணாமல் போகலாம்.

சோலரின் பெரிய பலவீனம் அதன் மௌனம். அட்டவணையிடும்போது ஒரு பகுப்பியையும் தேடும்போது வேறொன்றையும் வைக்க அது இடம் தருகிறது. ஒத்தசொற்களைத் தேடலின்போது மட்டும் விரிக்க இது பயன்படும். ஆனால் அடிச்சொல் வடிகட்டியை அட்டவணைப் பக்கம் மட்டும் வைத்துவிட்டால், 'மதுரையில்' என்று தேடுபவருக்கு அச்சொல் உள்ள பக்கமே வராமல் போகும். பிழைச்செய்தி எதுவும் வராது. முடிவுகள் சுழியம், அவ்வளவுதான். வகையைத் திருத்தினாலும் ஆவணங்களை மீண்டும் அட்டவணையிடும் வரை பழைய சொற்களே அதில் கிடக்கும்.

வகையைத் தானே ஊகிக்கும் முறை இதைவிட மோசம். முதல் ஆவணத்தில் பதிவெண் '0457' என இருந்தால் அதை முழு எண்ணாகக் கொண்டு முன்சுழியத்தை விழுங்கிவிடும். அடுத்து '12ஏ' வந்தால் ஆவணத்தையே ஏற்காது. இங்கே பிழையாவது தெரிகிறது.

மேலாண்மைப் பக்கத்திலுள்ள பகுப்பாய்வுத் திரை, ஒரு சொல் ஒவ்வொரு வடிகட்டியிலும் என்னவாகிறது என்பதை இருபுறமும் அருகருகே காட்டும். மிக நல்ல கருவி. ஆனால் ஐயம் எழுந்து அதைத் திறப்பவருக்குத்தான் அது உதவும். ஸ்கீமாவை ஏற்றும்போது சோலர் அந்த ஒப்பீட்டைத் தானாகச் செய்வதில்லை.